ரிப்போர்ட்டின் பின்பக்கம்

மாமா,

காபிப்பொடி பாட்டில் மேஜைமேல் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அகல வாய், பச்சை மூடி. ஒரு காலத்தில் ஊறுகாய் வந்த பாட்டில் என்பதால், எத்தனை தடவை கழுவினாலும் காபிப்பொடிக்குள் ஓரமாய் ஓர் எலுமிச்சை வாசனை ஒளிந்திருக்கும். "ஊரு உலகத்துல காபி கசக்கும், நம்ம ஊட்லதான் புளிக்கும்" என்று முகம் சுளிப்பாயே, அதே பாட்டில்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா இதை என்னிடம் நீட்டினாள்.

"இத்தக் கொஞ்சம் தொறந்து குடுடி. மூடி இறுகிப் போச்சு."

நான் வாயில் பிரஷ்ஷோடு ஒரு கையால் திருகினேன். தொட்டதும் கழன்று வந்துவிட்டது. அம்மா அதைக் கவனிக்காத மாதிரி அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் கவனிக்காத மாதிரி வாய் கொப்பளிக்கப் போனேன். எங்கள் வீட்டில் எல்லாருமே நடிகர்கள். சம்பளம்தான் கிடையாது.

"மூடி இறுகிப் போச்சு" உன் வசனம் மாமா. தண்ணி பாட்டில், தைல டப்பா, டூத்பேஸ்ட், சட்டை பட்டன் என்று உனக்கு இந்த உலகத்தில் எல்லாமே இறுகித்தான் இருந்தது. "எந்தக் கம்னாட்டிடா இதெல்லாம் இவ்ளோ டைட்டா மூடறது" என்று முகம் தெரியாத கம்பெனிக்காரனைத் திட்டுவாய். ஒருநாள் பாத்ரூம் தாழ்ப்பாளும் இறுகிப்போனது. உள்ளே மாட்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நீ பாட்டு பாட ஆரம்பித்தாய். நாலாவது பாட்டு வந்தபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. "இன்னா மாமா, கச்சேரியா?" என்றேன். பாட்டு நின்றது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "வெரலு மடங்க மாட்டுது கண்ணு" என்றாய். மணிக்கட்டால் இடித்துத் தள்ளச் சொன்னேன். வெளியே வந்தவுடன் நீ செய்த முதல் காரியம், அக்காவிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியது.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரப்போவதில்லை. வேறு யாராவதுதான் பிரித்துப் படிப்பார்கள். அவர்களுக்காக: நீ என் அம்மாவின் தம்பி. முப்பத்தெட்டு வயசு. அப்பா குவைத்துக்குப் போனதிலிருந்து பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தாய். பூந்தமல்லி தெருக்களில் குப்பை வண்டி ஓட்டினாய். கையில் முடக்குவாதம் இருந்தது, வாயில் முடக்கமே கிடையாது.

காலையில் எழுந்ததும் உன் இரண்டு கையும் மூடித்தான் இருக்கும். கணுக்கள் புடைத்து, தோல் பளபளவென்று, தொட்டால் சூடாக. வெந்நீரில் கையை ஊற வைத்துவிட்டு என்னிடம் நீட்டுவாய். அங்கிருந்து நம் பஸ் கிளம்பும். சுண்டுவிரல் பாரிவாக்கம், மோதிரவிரல் பூந்தமல்லி, நடுவிரல் கரையான்சாவடி, ஆள்காட்டி குமணன்சாவடி, கட்டைவிரல் காட்டுப்பாக்கம். ஒவ்வொரு ஸ்டாப்பாக நான் விரலைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் உன் விசில். மோதிரவிரல்தான் ரொம்பப் படுத்தும். "மெட்ரோ வேலை நடக்குதும்மே, பூந்தமல்லியில எப்பவும் ஜாம்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாய். பின்னால் அடுப்படியில் அம்மா தோசை திருப்பிக்கொண்டே, "வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள தோசை ஆறிடும்" என்பாள். எங்களுக்கு அது விளையாட்டு. உனக்கு எவ்வளவு வலித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீ உண்மை சொல்லியிருக்கப் போவதுமில்லை.

என் சேட்டைக்கெல்லாம் நீதான் கூட்டாளி, பலியாடும் நீதான். உன் வண்டியில் ஓடும் அறிவிப்பை நான் என் குரலில் பேசி, பென் டிரைவை மாற்றி வைத்தேனே. "மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியில் போடவும். மக்காத குப்பையை நீலத் தொட்டியில் போடவும். மக்கு மாமாவை டிரைவர் சீட்டில் போடவும்." அன்றைக்கு ஒரு காலை முழுக்க அது பூந்தமல்லி தெருத்தெருவாய் ஓடியது. ஜனம் குப்பையை மறந்து வாசலில் நின்று சிரித்ததாம். சூப்பர்வைசர் கத்தினார். நீ வீட்டுக்கு வந்து, "வாலு, உன்னால இன்னிக்கு நான் ஃபேமஸ்ஸு" என்று தலையில் குட்டினாய். அதை ஏன் உடனே நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு, "நல்லாத்தான இருந்திச்சு" என்றாய். ஸ்பீக்கரின் அந்தச் சின்னத் திருகைத் திருப்ப உன் விரலால் முடியவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி அங்கேதான் வரவேண்டியிருக்கிறது, ஒன்வேயில் மாட்டிய மாதிரி.

வண்டிகள் நிற்கும் உங்கள் ஷெட்டில் மருத்துவ முகாம் நடந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். ரிப்போர்ட்டை நீ என்னிடம் கொடுத்து, "படி டாக்டரம்மா" என்றாய். நல்ல கொழுப்பு எழுபத்தொன்று. நான் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். ரத்தக்குழாய் சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்பை அள்ளிக்கொண்டு போய்க் கல்லீரலில் கொட்டுவதுதான் இதன் வேலை, இது உடம்புக்குள் ஓடும் குப்பை வண்டி, ஜாஸ்தி இருந்தால் இதயத்துக்குக் காவல்.

"அப்போ என் ஒடம்புக்குள்ள எழுபத்தோரு வண்டி ஓடுதா?"

"ஆமா மாமா."

"எங்க ஷெட்லயே ஒம்போதுதான் கீது."

அம்மா உள்ளேயிருந்து, "அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் எத்தினி வருசமா சொல்றேன், இப்ப லேப்லயே எழுதிக் குடுத்துட்டான்" என்றாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பை இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் ரிப்போர்ட்டுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. முகாம் டாக்டர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அதில் நாலு வரி எழுதியிருந்தார். அதை நீயும் படித்தாய், நானும் படித்தேன். முன்பக்கம் எழுபத்தொன்றுக்குப் பக்கத்தில் நான் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினேன். லாமினேட் பண்ணி வண்டியில் எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்பது என் யோசனை. "பின்பக்கம் அசிங்கமா கிறுக்கி வெச்சிருக்காரு மாமா, எதையாவது ஒட்டி மறைச்சிடலாமா?" என்பதும் என் யோசனைதான்.

நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய்: "ஒட்டிடு. அக்கா கண்ணுல பட்டுச்சுன்னா லீவு போடச் சொல்லும். ரெண்டு நாள் வண்டிய உட்டா வேற எவனாச்சும் ஏறிக்குவான்."

ஒரு பயில்வான் படத்தில் உன் முகத்தை வெட்டி ஒட்டி, அதைப் பின்பக்கத்தில் ஒட்டினேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லாமினேட் ஆனது. மிஷினிலிருந்து சூடாக வெளியே வந்தபோது அந்த நாலு வரி உள்ளே மாட்டிக்கொண்டது. அதோடு நானும்.

அப்புறம் எதைக் கேட்டாலும் அந்த அட்டைதான் உன் பதில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்றால், அட்டையைக் காட்டுவாய். தினம் வலி மாத்திரை எதற்கு என்றால், அட்டை. "ஸ்டார் வாங்கின ஆளு நானு" என்பாய். கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து உன் எழுபத்தொன்றோடு ஒப்பிட்டுத் தோற்றுப்போவார்கள்.

போன மழையில் நம் பக்கமெல்லாம் தண்ணி நின்றதே, அந்த வாரம் உன் வண்டியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். இன்னொன்றில் தண்ணி இறைக்கிற மோட்டார். மற்றதில் விழுந்த மரக்கிளை. தெருவில் குப்பை மலையாய்க் குவிந்தது. ஷெட் பலகையில் மட்டும் தினமும், ஓடும் வண்டிகள் ஒன்பது என்று எழுதியிருந்ததாம். நீ ஈரத் துண்டைப் பிழிய முடியாமல் என்னிடம் எறிந்துவிட்டுச் சொன்னாய்: "ஒம்போது வண்டியும் ஓடுது வாலு. குப்பையத்தான் எவனும் அள்ளல."

அடுத்த மாசம், ஒரு காலையில், உன் வண்டி ஒரு தெரு முனையில் நின்றது. அறிவிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஜனம் தொட்டியோடு வந்து காத்திருந்திருக்கிறார்கள். யாரோ ஒரு அம்மாதான் எட்டிப் பார்த்தது. நீ சீட்டில் சாய்ந்திருந்தாய். மாரடைப்பு என்றார்கள். அன்று காலை நான் லேட்டாக எழுந்ததால், வலது கையைக் காட்டுப்பாக்கம் வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டு, இடது கையை நீயே பார்த்துக்கொள் என்று ஓடிவிட்டேன்.

உன் சாமானை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துண்டு, தண்ணி பாட்டில், தைல டப்பா, அந்த அட்டை. அம்மா அட்டையை உன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். நட்சத்திரம் வெளியே பார்க்க, பயில்வான் சுவரைப் பார்க்க. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். "பாருங்க, ரிப்போர்ட்டு நல்லாத்தான் இருந்திச்சு. எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லல. அவன் நேரம் அவ்ளோதான்." சொல்லச் சொல்ல அவள் குரல் நிதானத்துக்கு வரும். தான் எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாசமாய் என் வாய்க்கும் யாரோ லாமினேஷன் போட்டுவிட்ட மாதிரி. "என்னாடி, ஜோக்கே காணோம்" என்று கிளாஸில் கேட்டார்கள். ஜோக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்.

பாட்டில் நீட்டிய நாலாம் நாள், அம்மா அவளுடைய ரிப்போர்ட்டோடு வந்தாள். அவள் சட்டைக்குப் பட்டன் தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் முகாம் வைத்திருக்கிறார்கள். முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம்.

"நல்ல கொழுப்பு அறுபத்தி நாலுடி. உங்க மாமன் ரத்தம் இல்ல? எனக்கும் ஒரு ஸ்டார் ஒட்டிக் குடு."

கையில் ரிப்போர்ட்டை வாங்கினேன். அவள் விரல் கணுக்களைப் பார்த்தேன். உன்னுடையவைதான். புடைத்து, பளபளவென்று.

"கை என்னம்மா வீங்கியிருக்கு?"

"ஊசி புடிச்சு புடிச்சு அப்படித்தான் இருக்கும். ஒடம்புல கோளாறு இருந்தா இதுல தெரியாதா? ஸ்டார் தங்கக் கலர்லயே ஒட்டு."

நட்சத்திரம் தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னேன். வாங்கிக்கொண்டு வா என்றாள். தினமும் கேட்டாள்.

அடுத்த வாரம் டியூஷனுக்குப் போகும்போது கரையான்சாவடியில் பஸ் நின்றுவிட்டது. மெட்ரோ தூணுக்குக் கீழே, முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை. போனை எடுத்து, நல்ல கொழுப்பு அதிகம் இருந்தும் மாரடைப்பு வருமா என்று தேடினேன். பஸ் நகராததால் முழுக்கப் படித்தேன். புரியாததை மறுபடி படித்தேன்.

உடம்பில் அழற்சி நாள்பட உட்கார்ந்துவிட்டால், அது மூட்டிலோ ஈறிலோ தோலிலோ எங்கே இருந்தாலும், நல்ல கொழுப்பின் அளவு அப்படியே இருக்கும்போதே அதன் வேலை கெட்டுப்போகலாமாம். அழற்சி சமயத்தில் கல்லீரல் வேறொரு புரதத்தை நிறைய தயாரித்து அனுப்புகிறது. அது போய் நல்ல கொழுப்பின்மேல் ஏறி, அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. கெட்ட கொழுப்பு சிதைந்து விஷமாகாமல் காக்கிற நொதியும் குறைந்துபோகிறது. சுவரில் ஒட்டியதை முன்போல் அள்ள முடியாது. முற்றினால், தணிக்க வேண்டிய நெருப்பை அதுவே ஊதிவிடவும் செய்யுமாம். லேப் ரிப்போர்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் எழுதும்.

ஒன்பது வண்டியும் ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் மணல் மூட்டை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அழுதேன். பக்கத்து சீட் அக்கா, "அவசரமா போணுமாம்மா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அவசரம்தான். ஆனால் வழி எங்கே. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமென்றால், அறுபத்தி நாலு அவளைக் காப்பாற்றாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எழுபத்தொன்று உன்னைக் காப்பாற்றவில்லை என்றாகிவிடும். அப்புறம் அவள் கேட்பாள், டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லையா என்று. அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலை நான் என் கையால் கிழிக்க வேண்டும். கிழிக்காவிட்டால் இன்னொரு அட்டை தயாராகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நட்சத்திரம்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உன் படத்துக்குப் பக்கத்திலிருந்து அட்டையை எடுத்தேன். அம்மாவின் துணி வெட்டுகிற கத்திரியையும்.

"அத்த ஏன்டி எடுக்கறே? வை அங்க."

"பின்பக்கம் ஒண்ணு இருக்கும்மா."

"பயில்வான்தான. தெரியும்."

"அதுக்கு அடியில."

ஓரத்தை வெட்டினேன். பிளாஸ்டிக் பிரிகிற சத்தம் விரலில் ஒட்டிய பிளாஸ்திரியை இழுக்கிற மாதிரி இருந்தது. பயில்வானை உரித்தேன். பாதி எழுத்து அவன் முதுகோடு வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படிக்கலாம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குப் புரியல, நீயே படி" என்றாள்.

படித்தேன். காலையில் விரல் விறைப்பு, கணு வீக்கம். மூட்டுப் பிரிவில் காட்டவும். அழற்சிக்கு ரத்தப் பரிசோதனை செய்யவும். இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

நாலு வரி மாமா. படித்து முடிக்க ஒரு தோசை வேகிற நேரம்கூட ஆகவில்லை.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"நான்தாம்மா மறைச்சு ஒட்டினேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள். கை மடங்காததால் உள்ளங்கையால் தேய்த்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பஸ்ஸில் படித்ததைச் சொன்னேன். வண்டி, மணல் மூட்டை, ஷெட் பலகை எல்லாம். இதனால்தான் நீ போனாய் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் காட்டவில்லை, அது மட்டும் தெரியும்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை நங்கென்று வைப்பாள். அவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் நாள் காலையில் கம்பெனிக்கு போன் போட்டாள். "இன்னிக்கு வர முடியாது, கையி சரியில்ல" என்றாள். அந்த வாக்கியம் நம் வீட்டில் யாராவது சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் இரண்டரை மணி நேரம். டாக்டரம்மா அம்மாவின் விரலை ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

மூடி, பாட்டில் என்று ஆரம்பிப்பாளோ என்று பயந்தேன். "ஒரு வருசத்துக்கு மேல" என்றாள் அம்மா. எனக்கே அது செய்தி. நீ இருக்கும்போதே ஆரம்பித்திருக்கிறது. உன் விரல் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் திரும்பி நின்று தோசைக் கரண்டியை இரண்டு கையால் பிடித்திருந்திருக்கிறாள்.

"வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். வெட்டிய அட்டையை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா நட்சத்திரத்தைப் பார்த்தார். "யாரு ஒட்டினது?"

"நான்தான்."

திருப்பினார். பின்பக்கத்தை இரண்டு முறை படித்தார். அப்புறம் அம்மாவின் ரிப்போர்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈசிஜி. மருந்தை ஆரம்பித்தால் வீக்கம் அடங்க வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். மூட்டு வலி மூட்டோடு நிற்கிற விஷயமில்லை, இதயத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். இனிமேல் என்ன என்று அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மெட்ரோ தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். குமணன்சாவடி தாண்டியதும் சொன்னாள்:

"இத்தக் கொண்டுபோய் லாமினேட் பண்ணி வெக்காதே."

"பண்ண மாட்டேன்."

உன் அட்டை இப்போது என் உயிரியல் நோட்டில் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை. இருக்கட்டும். நான் எதை எடுத்துச் சொன்னாலும் அதன் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்க வைக்கிறது. உன் படத்துக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அம்மா அங்கே எதையும் வைக்கவில்லை.

இன்று காலை பாட்டில் மேஜையிலேயே இருந்தது. அம்மா அதை என்னிடம் நீட்டவில்லை. வெந்நீரில் நனைந்த கையை நீட்டினாள், மூடியபடி.

"பாரிவாக்கத்துலேர்ந்து ஆரம்பி" என்றாள்.

எனக்கு விசில் வரவில்லை மாமா. காற்றுதான் வந்தது. சுண்டுவிரல் மெதுவாகப் பிரிந்தது. அடுத்தது பிரியவில்லை. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றாள்.

பூந்தமல்லியில் ஜாம். காத்துக்கொண்டு நிற்கிறோம்.